கன்னத்தில் ஒரு சுல்தான்

முழுங்கியது முதலிலா, ஆபிதா கேட்டது முதலிலா என்பதுதான் பீர் ஒலிக்குப் பிடிபடவில்லை. ஸ்கேன் சென்டரின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, டோக்கன் சீட்டைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக, காலையில் நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காக அடுக்கிப் பார்ப்போம் என்று அவரும் எத்தனையோ தடவை தொடங்கிவிட்டார். தொடங்குவது ஒழுங்காகத்தான் தொடங்குகிறது. பஜர் தொழுதுவிட்டு வந்தது, டீ குடித்தது, பால்கனியில் வெயில் விழும் பக்கமாகப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டது, வைகை மணலைச் சலிக்கிறவனிடம் வாங்கிய செப்புக்காசைத் தாளிலிருந்து பிரித்தது, நாக்கில் தொட்டு ஈரப்படுத்தியது, கன்னத்தில் அதக்கிக்கொண்டது, போன் அடித்தது, திரையில் மகள் ஆபிதாவின் பெயரைப் பார்த்தது, இதுவரைக்கும் தடங்கல் இல்லை. அதற்கப்புறம் சிக்கு விழுகிறது. ஆபிதா ஏதோ சொல்கிறாள், கேட்கிறாள், தொண்டையில் காசு இறங்குகிறது, போன் நின்றுபோகிறது. இந்த நாலையும் அவர் ஒரு தடவை அடுக்கினால் ஒரு மாதிரி வருகிறது, அடுத்த தடவை அடுக்கினால் வேறு மாதிரி வருகிறது. கேட்கும்போது காசு வாயில் இருந்தது என்றால் சரி, மனுஷன் என்ன செய்வான், வாயில் காசை வைத்துக்கொண்டு எப்படிப் பதில் சொல்வான். கேட்பதற்கு முன்பே அது இறங்கிப் போயிருந்தது என்றால்? அந்த இடத்துக்கு வந்ததும் அவர் சட்டென்று திரும்பி மறுபடியும் பஜர் தொழுகையிலிருந்து ஆரம்பித்துவிடுவார்.

பக்கத்து நாற்காலியில் மனைவி செய்தூன் பையை மடியில் வைத்துக்கொண்டு, கூடத்தில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பெருமூச்சு விட்டாள். பேரன் பேத்தி எடுக்கிற வயசில் காசை முழுங்கின ஆளை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டி வந்திருக்கிறோமே என்பது அவள் கவலை. வரவேற்பில் இருந்த பெண் பேஷண்ட் குழந்தையா என்று கேட்டபோது ஆமாம், பெரிய குழந்தை என்று சொல்லிவிட்டாள். பீர் ஒலி சீட்டை மறுபடியும் சுருட்டினார். காசைக் கன்னத்தில் போடுவது கிறுக்குத்தனம் இல்லை என்று அவளுக்கு இந்த முப்பது வருஷத்தில் விளக்கிச் சொல்லி அலுத்துவிட்டது. மதுரையை ஆண்ட சுல்தான்களின் செப்புக்காசு சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அறுநூறு எழுநூறு வருஷம் ஆற்று மணலில் கிடந்து பச்சையேறிப் போயிருக்கும். அதைப் புளி போட்டுத் தேய்த்தால் பச்சையோடு எழுத்தும் போய்விடும். எச்சில்தான் அதற்கு இதம். கொஞ்ச நேரம் கன்னத்தில் ஊறினால் மண் மட்டும் பதமாக விட்டுக்கொடுக்கும், ஈரத்தில் அரபி எழுத்து கண்ணை விழித்துப் பார்க்கும். பழங்காசு சேர்க்கிறவர்களுடைய நாணயச் சங்கத்தில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். நேதாஜி ரோட்டில் உள்ள தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு கன்னத்தில் சுல்தானோடும் மறு கன்னத்தில் எதுவும் இல்லாமலும் அவர் எத்தனையோ பேருக்குக் கண் பார்த்திருக்கிறார். கீழ் வரியைப் படிங்க, இந்தக் கண்ணை மூடிக்குங்க, இப்ப தெளிவா, முன்னாடி தெளிவா. சில பேர் எழுத்து தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரி எதையாவது சொல்வார்கள். கண்ணாடி தடியாகிவிடுமே என்கிற பயம். பயத்தில் படிக்கிறவனுக்கு எல்லா எழுத்தும் தெரியும். காலையில் அவர் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஓர் அலிஃப், அதையடுத்து வளைவாக ஏதோ, அது ஹே என்றால் அஹ்சன், அஹ்சன் என்றால் மதுரையின் முதல் சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா, டெல்லிக்குக் கட்டுப்பட்டு இங்கே வந்தவர், ஒரு நாள் இனிமேல் டெல்லியும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று தன் பெயரிலேயே காசு அடித்தவர். இன்னும் கொஞ்சம் ஊறட்டும், முழுப் பெயரும் வந்துவிடும் என்று மறுபடியும் கன்னத்தில் போட்டார். அப்போதுதான் போன் அடித்தது. இல்லை, போன் அடித்த பிறகுதான் போட்டாரா? அதுவும் இப்போது சரியாக ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

ஆபிதா சொன்னது என்னவோ தெளிவாக ஞாபகம் இருக்கிறது, அதுதான் வேதனை. இன்னைக்கு வெளியில பூட்டாமப் போயிட்டாரு அத்தா, நான் வந்துடவா? இவ்வளவுதான் கேட்டாள். அழவில்லை. பால்காரன் இன்றைக்கு வரவில்லை என்று சொல்கிற குரல். மாப்பிள்ளை அன்சாரிக்குத் திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை. கை நீட்டுகிற ஆள் இல்லை, குடி கிடையாது, ஜும்ஆ தவறாது. கடைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவான், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று பீர் ஒலி சொல்லிக்கொண்டதுதான். ஆபிதா முதல் தடவை இதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, திண்டுக்கல்காரன் பூட்டாம வேற என்னம்மா செய்வான் என்று கேட்டார். செய்தூனும் சிரித்தாள். ஆபிதாவும் சிரித்த மாதிரிதான் இருந்தது. சிரித்தாளா? உதடு விரிந்தது நிஜம். இரண்டாம் தடவை அவள் பெட்டியோடு வந்தபோது சிரிக்க முடியவில்லை, அன்சாரியை வரவழைத்துப் பேசினார், அவன் தலையைக் குனிந்துகொண்டு காலம் கெட்டுக் கிடக்குது மாமா, ஒரு பாதுகாப்புக்குத்தான் என்றான். பாதுகாப்பு என்கிற சொல்லுக்கு எதிராக என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அனுசரிச்சுப் போம்மா என்று சொல்லி, அல்வா வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அல்வாப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் அவரைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால் குறையாகப் பார்க்கவில்லை, கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் எழுத்து தெரியாதபோது பார்க்கிற மாதிரி, கண்ணைக் கொஞ்சம் இடுக்கிக்கொண்டு பார்த்தாள். இவருக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. இரண்டு நாளில் இறங்கிவிட்டது.

காசு மட்டும் எப்படி இவ்வளவு சுளுவாக இறங்கியதோ. வயிற்றில் அது இப்போது எங்கே இருக்கும் என்று யோசித்தார். தொப்புளுக்கு மேலே லேசாகக் குத்துகிற மாதிரி இருந்தது, கை வைத்துப் பார்த்தால் அந்த இடம் நகர்ந்து வேறு இடம் குத்தியது. சுல்தான் உள்ளே உலாத்துகிறார் போல. இந்த அஹ்சன் ஷாவைப் பற்றிச் சங்கத்துக் கூட்டங்களில் அவர் ஒரு கதை சொல்வார், நன்றாகவே சொல்வார், எல்லாரும் ரசிப்பார்கள். அஹ்சன் ஷாவின் மகள் ஒருத்தி டெல்லியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாப்பிள்ளை மேற்கே எங்கோ மொராக்கோவிலிருந்து கிளம்பி ஊர் ஊராகச் சுற்றி வந்த பயணி. ஒரு இடத்தில் கால் தரிக்காத மாப்பிள்ளைக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு மாமனார் இங்கே மதுரையில் காசு அடித்துக்கொண்டிருந்தார் என்று சொல்லி நிறுத்துவார், கூட்டம் சிரிக்கும். அவள் பெயர்கூட அந்தப் பயணி எழுதி வைத்திருக்கிறான், ஹூர் என்று தொடங்கும், அதற்குமேல் பீர் ஒலிக்கு நாக்கில் வரவில்லை. காசில் இருக்கிற அப்பன் பெயரைப் பச்சையைச் சுரண்டிச் சுரண்டித் தேடுகிற ஆளுக்கு, எழுதியே வைத்திருக்கிற மகள் பெயர் ஞாபகம் இல்லை. அப்பன் இங்கே டெல்லியை எதிர்த்துக்கொண்டபோது அவள் அங்கே டெல்லியில் அல்லவா இருந்தாள், அந்த ராஜாவின் கைக்கெட்டும் தூரத்தில்? இத்தனை வருஷம் கதை சொன்னதில் ஒரு நாள்கூட இது தோன்றவில்லை. அவள் ஆள் அனுப்பிக் கேட்டிருப்பாளா, அத்தா நான் அங்கே வந்துடவா என்று? அந்தக் காலத்தில் ராஜா வீட்டுப் பெண் அத்தா என்று கூப்பிட்டிருக்க மாட்டாள். என்னவோ ஒன்று சொல்லிக் கூப்பிட்டிருப்பாள். டெல்லியிலிருந்து மதுரைக்கு ஆள் வந்து சேர எத்தனை மாதம் ஆகும், பதில் போய்ச் சேர எத்தனை மாதம். திண்டுக்கல்லிலிருந்து போன் ஒரு நொடியில் வந்துவிடுகிறது. ஒரு நொடியில் வந்தால் ஒரு நொடியில் பதிலும் சொல்ல வேண்டியிருக்கிறது, யோசிக்க விடுகிறார்களா? இப்படி ஆபிதாவைக் குறை சொல்லப் போனதும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

யோசிப்பதற்கு என்ன இருந்தது என்றால், இருந்தது. அடுத்த மாதம் மகன் இர்ஃபானுக்குக் கம்பத்தில் நிச்சயம். பெண் வீட்டார் கௌரவம் பார்க்கிறவர்கள். மூத்த பொண்ணு ஏன் இங்க இருக்கு என்று கேட்பார்கள். ஜமாத்தில் கேட்பார்கள். கடைக்குக் கண்ணாடி மாட்டிப் பார்க்க வருகிறவன்கூடக் கேட்பான். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பதில் தயாராக வேண்டும். நிச்சயம் முடியட்டும், அப்புறம் வரட்டும், ஒரு மாதம்தானே என்று நினைத்தாரா காலையில்? நினைத்திருந்தால் அதையாவது வாயால் சொல்லியிருக்கலாமே. சொல்லவில்லை. வெறும் மூச்சுதான் போனில் போயிருக்கும். அத்தா? என்று அவள் ஒரு தடவை கேட்டாள். அப்புறம் கொஞ்ச நேரம் அவளுடைய மூச்சு. அப்புறம் வைத்துவிட்டாள். செய்தூன் அப்போது மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் இறங்கி வந்தபோது பீர் ஒலி தொண்டையைப் பிடித்துக்கொண்டு காசை முழுங்கிட்டேன் என்றார். அதை மட்டும்தான் சொன்னார். ஆபிதா பேசினாள் என்பது இந்த நிமிஷம் வரை அவளுக்குத் தெரியாது. இவர் கூப்பிடவும் இல்லை. ஆட்டோவில் வரும்போது போனை எடுத்தார், வைத்தார். இங்கே வந்து எடுத்தார், வைத்தார். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. அன்சாரி மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருகிறவன். வந்திருப்பான். காலையில் பூட்ட மறந்தது ஞாபகம் வந்திருக்கும். திரும்பிப் போகும்போது பூட்டிவிட்டுப் போவான், ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவான். பூட்டை இழுத்துப் பார்க்கிற சத்தம் உள்ளே இருக்கிறவளுக்கு எப்படிக் கேட்கும்? பீர் ஒலி சுருட்டிச் சுருட்டி விரித்ததில் டோக்கன் சீட்டில் எண் அழிந்தே போயிற்று.

முகம் வெளுத்திருக்கே, குமட்டுதா என்று கேட்டு, செய்தூன் பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து அவர் வாயில் போட்டாள். பஸ்ஸில் போகும்போது போடுகிற மாதிரி. அவர் அதைப் பழக்கத்தில் கன்னத்துக்குத் தள்ளினார். அந்த நேரம் பார்த்து ஒரு கட்டம்போட்ட சட்டைக்காரர் வந்து, பல் எக்ஸ்ரே எடுக்கிறது இங்கேயா மாடியிலயா என்று அவரிடம் கேட்டார். மாடியில, லிஃப்ட் வேலை செய்யல, படியில போங்க, மொதல்ல கவுண்டர்ல டோக்கன் வாங்கிக்கங்க என்று பீர் ஒலி பதில் சொன்னார். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். கன்னத்தில் கிராம்பு இருந்தும் இவர் பேச்சில் ஒரு எழுத்து குழறவில்லை. ஒரு எழுத்துகூட. பீர் ஒலி நாக்கால் கிராம்பைத் தொட்டுப் பார்த்தார். கன்னத்தில் சுல்தானோடு லென்ஸ் விலை பேசியிருக்கிறார், பேரம் பேசியிருக்கிறார், ஒரு தடவை கரண்ட் ஆபீஸ்காரனோடு சண்டையே போட்டிருக்கிறார். காசு என்றைக்கு அவர் பேச்சைத் தடுத்தது? காலையில்கூட, இப்போது ஞாபகம் வருகிறது, வரவேண்டாம் என்றாலும் வருகிறது, போனை எடுத்ததும் சொல்லும்மா, சாப்டியா என்று கேட்டார். காசு கன்னத்தில் இருக்கும்போதேதான் கேட்டார். தெளிவாகக் கேட்டார். அவளும் சாப்பிட்டேன் என்றாள். அதற்கப்புறம்தான் அவள் கேட்டாள். அவள் கேட்டதும் இவர் வாயில் ஏதோ ஒரு வார்த்தை வந்தது, வா என்பதா வேண்டாம் என்பதா, எதுவோ, அதை உள்ளே தள்ளினார், அதோடு சேர்ந்து காசும் போயிற்று. முதலிலும் இல்லை, பின்னாலும் இல்லை. இதுதான் நடந்தது. இதுதான் நடந்ததா, அல்லது இதையும் இப்போது அடுக்கிப் பார்க்கிறாரா? கிராம்பு காரம் தொண்டையில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகிறார் என்று செய்தூன் நினைத்து, பயப்படாதீங்க, அதெல்லாம் வந்துரும் என்று முழங்காலில் தட்டினாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். சட்டையைக் கழற்றிக் குளிர்ந்த பலகையோடு ஒட்டி நிற்கச் சொன்னாள் எக்ஸ்ரே எடுக்கிற பெண். மூச்சை இழுத்துப் பிடிங்க. பிடித்தார். விடுங்க. விட்டார். விடச் சொன்னால் விடுகிறார், பிடிக்கச் சொன்னால் பிடிக்கிறார், இந்த மாதிரி யாராவது காலையில் பக்கத்தில் இருந்து பேசுங்க என்று சொல்லியிருந்தால் பேசியிருப்பாரோ என்னவோ. சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தான் போடப் போட அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். விலா எலும்புகளுக்குக் கீழே, சாம்பல் நிறத்துக்கு நடுவில், வெள்ளை வெளேரென்று ஒரு சின்ன வட்டம். இவ்வளவு சுத்தமாக அந்தக் காசை அவர் பார்த்ததே இல்லை. மண் இல்லை, பச்சை இல்லை. கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு கிட்டே போய்க் குனிந்தார். என்ன சார் பாக்குறீங்க என்று அந்தப் பெண் கேட்டாள். எழுத்து தெரியுதான்னு பாக்குறேம்மா என்றார். அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, எழுத்தெல்லாம் தெரியாது சார், வட்டம் மட்டும்தான் தெரியும், இரைப்பையில இருக்கு, ரெண்டு மூணு நாள்ல தானா வெளிய வந்துரும், டாக்டர் சொல்லுவாரு, வெளிய உக்காருங்க என்றாள். அவர் நகரவில்லை. அந்த வட்டத்தில் யார் பெயர் இருந்தால் என்ன. அஹ்சன் ஷாவாகவே இருக்கட்டும், பெயர் முழுசாகவே இருக்கட்டும், வருஷத்தோடு இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லாரும் கைதட்டட்டும். வீட்டில் ஒருத்தி உள்ளே இருக்க இன்னொருத்தன் வெளியே பூட்டுகிறான். இது தனக்குத் தெரியும். காலையில் அவள் கேட்டபோதும் தெரியும். வெட்கமாக இருந்தது.

வெளியே வந்து செய்தூனுக்கு எதிரிலேயே போனை எடுத்தார். யாருக்கு என்று அவள் கண்ணாலேயே கேட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள், அவன் பிடுங்கி வைத்திருப்பான், இல்லை அவன்தான் எடுப்பான், எடுத்தால் என்ன பேசுவது என்று இவர் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே எடுக்கப்பட்டது. ஹலோ இல்லை. எங்கேயோ இரைச்சல், ஆட்கள் பேசுகிற சத்தம், அதற்கு நடுவில் ஆபிதாவின் மூச்சு. அவள் பேசுவாள் என்று இவர் காத்திருந்தார். அவள் பேசவில்லை. வெறும் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று அப்போது அவருக்குத் தெரிந்தது.

"ஆபிதா," என்றார். "காலையில வாயில காசு கெடந்துச்சும்மா. அதான் அத்தாவால பேச முடியல."

சொன்ன மாத்திரத்தில் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்பது காதில் விழுந்தது. செய்தூன் எழுந்து நின்றுவிட்டாள்.

"இப்ப வாயில என்னத்தா இருக்கு?" என்று கேட்டாள் ஆபிதா. கோபம் இல்லாமல்தான் கேட்டாள்.

கம்பத்துக்காரர்கள், ஜமாத், கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் வரிசையாக வந்து நின்றார்கள். அவர்களுக்குச் சொல்ல இப்போதும் அவரிடம் ஒரு பதிலும் இல்லை. இல்லாமலே போகட்டும்.

"ஒண்ணுமில்லம்மா. நீ வந்துரு. பொறப்பட்டு வந்துரு. பூட்டியிருந்தாச் சொல்லு, நான் வந்து ஒடைக்கிறேன்."

"நான் காலையிலயே வந்துட்டேன் அத்தா. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கேன். நீங்க வரச் சொல்லல, அதான் வீட்டுக்கு வரல."

அங்கேயே இரு, இதோ வந்துட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவர் வாயில் கிராம்புகூட இல்லை, எப்போதோ மென்று முழுங்கியிருந்தார். ஆனாலும் இந்தத் தடவை நிஜமாகவே பேச்சு வரவில்லை. செய்தூன் அவர் கையிலிருந்து போனை வாங்கி, ஆபிதா, எங்கடி இருக்க, சாப்டியா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பீர் ஒலி அதற்குள் படி இறங்கித் தெருவுக்கு வந்து, போகிற ஆட்டோக்களை எல்லாம் கை காட்டி நிறுத்திக்கொண்டிருந்தார். எங்கே போகணும் என்று கேட்டவர்களிடம் ஊர் பேர் சொல்ல வரவில்லை. கையை மட்டும் ஆரப்பாளையம் இருக்கிற திசையில் நீட்டினார்.